செய்கூலியும் சான்றும்: ஒரு சுழல்துப்பாக்கிக்கு விலை சொல்வது எப்படி?

பழைய நகையை விற்கப் போனவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். வாங்கியபோது தங்கத்தின் விலையோடு செய்கூலியும் சேதாரமும் சேர்த்துக் கொடுத்திருப்போம். விற்கும்போது கடைக்காரர் தராசில் வைப்பது தங்கத்தை மட்டுமே. பொற்கொல்லர் கண் நோக இழைத்த கொடிக்கும் பூவுக்கும் அங்கே விலை இல்லை. உரியவரின் பெயரெழுத்தை நகையில் பொறித்திருந்தால் கேட்கவே வேண்டாம். நமக்கென்று தனியாகச் செய்யச் சொன்னது எதுவோ, அதுவே பிறருக்கு வேண்டாததாகிவிடுகிறது.

ஒருவர் தம் கைக்கும் கண்ணுக்கும் ஏற்பச் சொல்லிச் செய்வித்த சுழல்துப்பாக்கியை, அதாவது ரிவால்வரை, விற்க முனைந்தாலும் இதே கணக்குதான் முன்னே வந்து நிற்கிறது. அமெரிக்காவில் இது இன்றும் உள்ள ஒரு வணிகம். அடிப்படைத் துப்பாக்கிக்கு ஒரு விலை. அதைப் பிரித்து, இழைத்து, விசையை இளக்கி, பிடியை மாற்றி, வேலைப்பாடு செய்த கைவினைஞருக்கு அதைவிட மிகுந்த கூலி. இரண்டையும் கூட்டி விலை சொல்கிற உரிமையாளர், வாங்க வருபவரின் முகம் சுருங்குவதைக் காண்கிறார். ஆனால் அதே நாட்டில், அதே சந்தையில், எந்த வேலைப்பாடும் இல்லாத ஒரு சாதாரணத் துப்பாக்கி பல இலட்சம் டாலருக்குப் போகிறது. இந்த முரண்பாடு எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழம்பொருளுக்குச் சொல்லப்படும் விலை என்பது ஒரு வரலாற்றுக் கூற்று. 'இது இன்னாருக்காக, இன்ன நாளில், இன்ன காரணத்துக்காகச் செய்யப்பட்டது' என்னும் வாக்கியமே அங்கே பணமாக மொழிபெயர்க்கப்படுகிறது. அந்த வாக்கியம் நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிப்பவை ஓலையும் ஏடும் ஒப்பமும்தான். சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது அயலான செய்தி அன்று.

இருபத்தைந்து டாலர்

சொல்லிச் செய்வித்த சுழல்துப்பாக்கிகளின் கதையில் முதலில் நிற்பது 1847ஆம் ஆண்டின் வாக்கர் துப்பாக்கி. சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்கர் 1836இல் சுழல்துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நியூ ஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் அவர் நடத்திய தொழிற்சாலை 1842இல் நொடித்துப்போனது. நான்காண்டுகளுக்குப் பிறகு மெக்சிகோவுடன் போர் மூண்டது. டெக்சாஸ் குதிரைப்படையில் பணியாற்றிய சாமுவேல் வாக்கர் என்னும் படைத்தலைவர் கோல்ட்டின் பழைய துப்பாக்கிகளைப் போரில் பயன்படுத்தி அறிந்தவர். அவருக்கும் கோல்ட்டுக்கும் 1846 இறுதியில் கடிதப் போக்குவரத்து நடந்தது. எது போதாது, எது வேண்டும் என்று களத்தில் நின்றவர் சொன்னார். செய்பவர் கேட்டுக்கொண்டார். ஆறு தோட்டாக்கள், ஒன்பது அங்குலக் குழல், இரண்டு கிலோவுக்கு மேல் எடை என ஒரு பெரும் ஆயுதம் உருவாயிற்று.

1847 சனவரி 4ஆம் நாள் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் 1000 துப்பாக்கிகளுக்கு விலை குறிக்கப்பட்டது. ஒன்றுக்கு 25 டாலர். கோல்ட்டுக்கு அப்போது சொந்தப் பட்டறைகூட இல்லை. எலை விட்னி இளையவரின் தொழிற்சாலையில் அவை செய்யப்பட்டன. தமக்கென வந்த இணைத் துப்பாக்கிகள் கைக்குக் கிட்டிய சில நாள்களில், 1847 அக்டோபர் 9ஆம் நாள், உவாமான்ட்லா என்னும் மெக்சிக நகரில் வாக்கர் போரில் இறந்தார்.

இங்கே விலையை நிர்ணயித்தவர்கள் இருவர்: வேண்டியவர், செய்தவர். பொருளின் பயன் இருவருக்கும் தெரியும், செய்கூலியும் தெரியும். விலையைப் பற்றிய ஐயமே எழவில்லை. சிக்கல் தொடங்குவது மூன்றாமவர் வரும்போதுதான். படைக்குச் செய்தவை போகப் பொதுமக்கள் விற்பனைக்கும் அன்பளிப்புக்குமாக ஏறத்தாழ நூறு வாக்கர் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்றை டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு கப்பல் தலைவர் நியூயார்க்கில் வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். அது தன் பெட்டியோடும் துணைக்கருவிகளோடும் பிழைத்திருந்தது. 2018 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்து ஏலமொன்றில் 18 இலட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. எஃகு அதே எஃகுதான். வாங்கியவர் விலை கொடுத்தது, மற்றவையெல்லாம் போரில் தேய்ந்தும் தொலைந்தும் போக, இது ஒன்று மட்டும் சிதையாமல் தன் கதையோடு நிற்கிறது என்பதற்கு.

சாமுவேல் கோல்ட்டே இன்னொரு வகைத் தனிப்படைப்பையும் அறிந்திருந்தார். பொன்னிழை பதித்து, ஓவியம் போல் செதுக்கிய துப்பாக்கிகளைச் செய்வித்து மன்னர்களுக்கு அன்பளிப்பாக வழங்கினார். உருசியப் பேரரசர் முதலாம் நிக்கோலாசுக்குக் கொடுத்த ஒன்றின் இணை இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவற்றுக்கு விலை சொல்லப்படவே இல்லை. அன்பளிப்பின் வடிவில் பின்னால் வரப்போகும் பெரும் கொள்முதலுக்கான முன்பணம் அது. விலை சொல்லாமலிருப்பதும் விலை சொல்லும் ஒரு முறைதான் என்பதைக் கோல்ட் நன்கு அறிந்திருந்தார்.

ஒரு மதுக்கடைத் தாளில் எழுதிய கடிதம்

அடுத்து 1885. கான்சாசு மாநிலத்தின் டாட்ஜ் நகரம். அங்கே ஃபோர்டு மாவட்டத்தின் காவல் தலைவராக முன்பு பணியாற்றியவர் பேட் மாஸ்டர்சன். அவ்வாண்டு சூலை 24ஆம் நாள், ஆப்பெரா ஹவுஸ் சலூன் என்னும் மதுக்கடையின் பெயர் அச்சிட்ட தாளில், கோல்ட் நிறுவனத்துக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தமக்கு ஒரு 45 ரகத் துப்பாக்கி வேண்டும். நிக்கல் முலாம் பூசியிருக்க வேண்டும். விசை மிக இளகியதாக இருக்க வேண்டும். குழல் நுனியில் குறிபார்க்க நிற்கும் முள் வழக்கத்தைவிடச் சற்று உயரமாகவும் தடிப்பாகவும் இருக்க வேண்டும். குழலின் நீளம் தோட்டாக்கூட்டைத் தள்ளும் கம்பியின் அளவோடு நின்றுவிட வேண்டும். தம் சொந்தப் பயன்பாட்டுக்கு என்பதால் கூடுதல் கவனம் செலுத்துமாறும், அதற்குக் கூடுதல் பணம் தரத் தாம் ஆயத்தம் என்றும் எழுதியிருந்தார்.

இக்கடிதத்தைப் படிக்கிறபோது ஒரு தையற்காரரிடம் அளவு சொல்கிறவரின் குரல் கேட்கிறது. அழகுக்கான வேண்டுகோள் முலாம் ஒன்றுதான். மற்றவை எல்லாம் இருட்டிலும் அவசரத்திலும் கை செய்ய வேண்டிய வேலையைப் பற்றியவை. முள் உயரமாக வேண்டும் என்றால், தாழ்ந்த முள்ளோடு அவர் ஏதோ ஒரு நாள் இடர்ப்பட்டிருக்கிறார் என்று நாம் ஊகிக்கலாம். 1879 முதல் 1885 வரை அவர் கோல்ட் நிறுவனத்திடமிருந்து எட்டுத் துப்பாக்கிகளை இவ்வாறு வரவழைத்தார் என்பது பதிவு.

இப்போது விற்பவரின் இடத்தில் நின்று எண்ணிப் பாருங்கள். சற்றே உயர்ந்த முள்ளும் இளகிய விசையும் கொண்ட ஒரு பழைய கோல்ட் உங்கள் கையில் இருக்கிறது. கடிதமும் பதிவேடும் இல்லையென்றால், அந்த முள் யாரோ பின்னாளில் மாற்றிப் பொருத்தியது என்றே சந்தை முடிவு செய்யும், மதிப்பைக் குறைக்கும். கடிதமும், துப்பாக்கியின் வரிசை எண்ணைக் காட்டும் அனுப்புகைப் பதிவேடும் இருந்தால், அதே முள் பொன்னாகிறது. கோல்ட் நிறுவனம் தன் பழைய பதிவேடுகளைக் காத்து வைத்திருப்பதும், ஒரு குறிப்பிட்ட எண்ணுடைய துப்பாக்கி எந்த நாளில், எந்த வடிவில், யாருக்கு அனுப்பப்பட்டது என்று கட்டணம் பெற்றுக்கொண்டு கடிதம் தருவதும் இதனால்தான் இவ்வளவு முதன்மை பெறுகின்றன. பொருள் பேசாது. அதன் சார்பில் ஏடு பேச வேண்டும்.

இதற்கு இன்னொரு சான்று தியோடர் ரூசுவெல்ட்டின் துப்பாக்கி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் வேலைப்பாடு செய்து 1898 மே 12ஆம் நாள் அவருக்கு அனுப்பிய சுழல்துப்பாக்கி, 2022 திசம்பரில் ஒன்பது இலட்சத்துப் பத்தாயிரம் டாலருக்குச் சற்று மேலாக விற்றது. வேலைப்பாட்டுக்கும் இங்கே விலை உண்டு. ஆனால் அந்த வேலைப்பாடு யாருக்காக என்பதும் எந்த நாளில் என்பதும் உறுதியானதால்தான் செய்கூலி திரும்பக் கிடைத்தது.

ஔவை கண்ட இரண்டு படைக்கொட்டில்கள்

புறநானூற்றின் 95ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் சிரித்து மகிழ்வதுண்டு. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அங்கே ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி, புத்தம்புதிதாக விளங்குகின்றன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. புகழ்வது போல் இகழும் அப்பாட்டின் நயத்தை இங்கே விரிக்கப் போவதில்லை. ஆனால் பழந்துப்பாக்கி வாங்குவோரையும் இப்பாட்டைக் கொண்டே இரு பிரிவாகப் பிரித்துவிடலாம்.

ஒரு பிரிவினர் தொண்டைமான் கட்சி. அவர்களுக்குத் துப்பாக்கி ஆலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஒரு முறைகூடச் சுடப்படாததாக இருந்தால் மிகச் சிறப்பு. பெட்டி, தாள், உறை எல்லாம் உடனிருக்க வேண்டும். மங்கிய நீலநிற மேற்பூச்சைப் புதுப்பித்தால்கூட மதிப்பு வீழ்ந்துவிடும். பழமையின் இயல்பான தோலை உரித்துவிட்டதாக அவர்கள் கருதுவார்கள். மறு பிரிவினர் அதியமான் கட்சி. தேய்ந்த பிடியும் கீறல் விழுந்த குழலும் அவர்களுக்குக் குறையல்ல, பயன்பட்டதன் அடையாளம். ஆனால் அவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: யார் கையில் தேய்ந்தது?

சொல்லிச் செய்வித்த துப்பாக்கியின் அவலம் என்னவென்றால், பெரும்பாலும் அது இரு கட்சியிலும் சேராது. ஆலை வடிவம் மாறிவிட்டதால் தொண்டைமான் கட்சிக்கு அது ஊனமுற்றது. உரிமையாளர் பெயர் தெரியாதவர் என்பதால் அதியமான் கட்சிக்கு அது ஊமை. எஞ்சுபவர், அதே போன்ற கையும் அதே போன்ற வேட்கையும் கொண்ட மூன்றாம் ஒருவர் மட்டுமே. அவர் வரும்வரை காத்திருக்க இயலாதவர் விலையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

இரட்டைப் பிறவிகள்

வேலைப்பாடு முற்றிலும் இல்லாத இரு துப்பாக்கிகளை இங்கே ஒப்பிட்டால் விலையின் உள்ளியக்கம் தெளிவாகும். இரண்டும் லெஃபோஷே வகை. இரண்டும் 7 மில்லிமீட்டர் ரகம். சட்டைப்பையில் போட்டுச் செல்லத்தக்க மலிவுப் பொருள்கள்.

முதலாவது, பிரெஞ்சுக் கவிஞர் பால் வெர்லேன் 1873 சூலை 10ஆம் நாள் காலையில் பிரசெல்சு நகரத்துக் கடையொன்றில் 23 பிராங்குக்கு வாங்கியது. அன்று பிற்பகலே, தம்மைப் பிரிந்துபோக முற்பட்ட இளங்கவிஞர் ஆர்தர் ரேம்போவை நோக்கி இருமுறை சுட்டார். ஒரு குண்டு இடது மணிக்கட்டில் பாய்ந்தது. வழக்கு நடந்தது, வெர்லேனுக்கு இரண்டாண்டுச் சிறை. அவ்வாண்டு அக்டோபரில் ரேம்போவின் 'நரகத்தில் ஒரு பருவம்' அதே பிரசெல்சில் அச்சேறியது. துப்பாக்கி 2016 நவம்பர் 30ஆம் நாள் பாரிசில் ஏலத்துக்கு வந்தது. ஏலநிறுவனம் எதிர்பார்த்தது 50,000 முதல் 60,000 யூரோ. போன விலை 4,34,500 யூரோ.

இரண்டாவது, 1960களில் ஓவேர் சூர் வாஸ் என்னும் பிரெஞ்சுச் சிற்றூரின் வயலில் ஓர் உழவருக்குக் கிடைத்தது. 1890 சூலை 27ஆம் நாள் ஓவியர் வின்சென்ட் வான்கோ தம்மைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படும் இடம் அந்தப் பகுதியே. துரு தின்ற அதன் உடலும், பல்லாண்டுகள் மண்ணில் கிடந்ததற்கான அடையாளங்களும், குண்டின் ரகமும் பொருந்தி வருகின்றன. ஆனால் இதுதான் அது என்று அறுதியிட்டுச் சொல்லும் சான்று இல்லை. 2019 சூன் 19ஆம் நாள் பாரிசு ஏலத்தில் அது 1,62,500 யூரோவுக்குப் போனது.

இரண்டு படைப்பாளிகளில் உலகப் புகழ் மிக்கவர் வான்கோ என்பதில் ஐயமில்லை. ஒன்று காயத்தோடு நின்றது. மற்றது உயிரைக் குடித்தது. அப்படியிருந்தும் வெர்லேனின் துப்பாக்கி இரண்டரை மடங்குக்கு மேல் விலை பெற்றிருக்கிறது. வேறு காரணங்களும் இருக்கலாம். ஏலக்கூடத்தில் எதிரெதிரே இருவர் பிடிவாதமாக நின்றாலே விலை ஏறிவிடும். எனினும் ஒரு வேறுபாடு கண்முன் நிற்கிறது. ஒன்றுக்கு நீதிமன்றக் கோப்பு உண்டு, சாட்சியங்கள் உண்டு, வாங்கிய கடையும் விலையும் பதிவாகியுள்ளன. மற்றதற்கு இருப்பது பொருத்தமான ஓர் ஊகம். 'ஆம்' என்பதற்கும் 'இருக்கலாம்' என்பதற்கும் இடையே உள்ள தொலைவைச் சந்தை பணமாக அளந்து காட்டிவிடுகிறது.

நீதிமன்றம் பொருளுக்குச் சான்றளித்த இன்னொரு நேர்வும் உண்டு. 1881 சூலை 14ஆம் நாள் பில்லி தி கிட் என்னும் இளைஞனைப் பேட் காரெட் என்னும் காவல் தலைவர் சுட்டுக் கொன்ற கோல்ட் அது. காரெட் இறந்தபின் அத்துப்பாக்கி எல் பாசோ நகரத்து மதுக்கடை உரிமையாளர் ஒருவரிடம் இருந்தது. காரெட்டின் மனைவி அப்போலினாரியா 1930களில் வழக்குத் தொடுத்து அதை மீட்டார். தம் உடைமைக்காக அவர் நடத்திய வழக்கின் ஆவணங்களே பின்னாளில் அதன் பிறப்புச் சான்றாயின. 2021 ஆகத்து 27இல் அது 60 இலட்சம் டாலருக்கு மேல் விற்றது. அதில் செதுக்குவேலை எதுவுமில்லை.

இடைச்செருகல்கள்

சான்றுக்குப் பணம் உண்டென்றால் பொய்ச்சான்றும் பிறக்கும். சுவடியில் இடைச்செருகல் எப்படி நுழைகிறதோ அப்படியே துப்பாக்கியிலும் நுழைகிறது. முன்னே நாம் கண்ட பேட் மாஸ்டர்சன் முதுமையில் நியூயார்க்கில் நாளிதழ் எழுத்தாளரானார்; 1921இல் தம் எழுதுமேசையிலேயே உயிர்நீத்தார். அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அவருடைய துப்பாக்கி வேண்டுமென்று ஒருவர் ஓயாது நச்சரித்தாராம். மாஸ்டர்சன் அடகுக் கடையில் ஒரு பழைய கோல்ட்டை வாங்கி, தாம் கொன்றவர்களின் எண்ணிக்கை போலத் தோன்றும்படி பிடியில் வெட்டுக் குறிகளைச் செதுக்கி அவரிடம் கொடுத்துவிட்டாராம். கதை முழுவதும் மெய்யோ அன்றோ, அதன் உட்பொருள் மெய். தம் கைக்கு முள்ளின் உயரம்கூட அளந்து வாங்கிய மனிதர், பிறர் ஆசைக்கு வெட்டுக் குறி போதும் என்று அறிந்திருந்தார்.

இதைவிடப் பெரிய இடைச்செருகல் 'பன்ட்லைன் ஸ்பெஷல்'. வயட் எர்ப் என்னும் புகழ்பெற்ற காவலரின் வாழ்க்கை வரலாற்றை ஸ்டூவர்ட் லேக் 1931இல் வெளியிட்டார். நெட் பன்ட்லைன் என்னும் மலிவுக்கதை எழுத்தாளர் பன்னிரண்டு அங்குலக் குழல் கொண்ட கோல்ட் துப்பாக்கிகளைத் தனியே செய்வித்து எர்ப் உள்ளிட்ட ஐவருக்கு வழங்கியதாக அந்நூல் கூறியது. எர்ப் 1929இலேயே இறந்துவிட்டார். ஆய்வாளர்கள் தேடிய அளவில் அப்படியோர் ஐந்துக்கான கொள்முதல் பதிவு கிட்டவில்லை. ஆனால் தொலைக்காட்சித் தொடரொன்று அக்கதையைப் பரப்ப, கோல்ட் நிறுவனம் 1957இல் அப்பெயரிலேயே நெடுங்குழல் துப்பாக்கியைச் செய்து விற்கத் தொடங்கியது. நூலின் கற்பனை ஆலையின் பண்டமாயிற்று. சொல்லிலிருந்து பொருள் பிறந்த விந்தை இது. ஆயினும் 1957இல் பிறந்ததை 1876இல் பிறந்ததாகச் சொல்லி விலை கேட்டால் அது வரலாறு அன்று, வஞ்சகம்.

ஐந்தாம் எண்

செய்கூலி தன் பெருமையாலேயே நிலைபெற்ற ஒரு நேர்வையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை ஒருதலையாகிவிடும். எல்மர் கீத் என்பவர் அமெரிக்க மேற்கில் பண்ணையில் வாழ்ந்தவர். துப்பாக்கி பற்றி ஏராளமாக எழுதியவர். 1928இல் பிலடெல்ஃபியாவிலிருந்து ஹரால்டு கிராஃப்ட் என்பவர், தாம் செய்வித்த தனிவகைத் துப்பாக்கிகளோடு ஓரிகான் மாநிலத்தில் இருந்த அவர் பண்ணைக்கு வந்தார். இருவரும் சுட்டும் பிரித்தும் பேசியும் ஆராய்ந்தனர். கிராஃப்ட்டின் துப்பாக்கிகளுக்கு ஒன்று முதல் நான்கு வரை எண். அந்த ஆய்வின் பயனாகக் கீத்துக்கென உருவானது 'ஐந்தாம் எண்'. கோல்ட்டின் இரு வேறு வகைகளின் உறுப்புகளைக் கலந்து பிடியைச் செய்தார்கள். மேற்புறத்தைத் தட்டையாக்கி நகர்த்தத்தக்க குறிகாட்டியைப் பொருத்தினார்கள். பிடிக்குத் தந்தம். 1929இல் கீத் அதைப் பற்றி 'அமெரிக்கன் ரைஃபிள்மேன்' இதழில் எழுதினார்.

தொண்டைமான் கட்சியின் கண்ணோட்டத்தில் இது வெட்டிச் சிதைக்கப்பட்ட ஒரு கோல்ட், அவ்வளவே. ஆனால் கீத் தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தை எழுதி வைத்தார். அவற்றைப் படித்த பின்வந்தோர் அவ்வடிவைப் பின்பற்றினர். 1980களில் அதன் சாயலில் ஒரு நிறுவனமே துப்பாக்கி செய்து விற்றது. கீத் 1984இல் மறைந்தார். அவர் துப்பாக்கிகள் பல்லாண்டுகள் ஐடகோ மாநிலத்துப் பெருங்கடையொன்றில் காட்சிக்கு இருந்து, 2015இல் ஏலத்துக்கு வந்தன. ஐந்தாம் எண்ணின் சிறப்பு கொலையால் வந்ததன்று, கொடுமையால் வந்ததன்று. சிந்தித்துச் செய்து, செய்ததை எழுதி வைத்ததால் வந்தது. செய்கூலிக்கும் சான்று வேண்டும் என்பதே அது சொல்லும் செய்தி.

ஆக, என்ன விலை சொல்வது?

மேற்கண்ட வரலாற்றிலிருந்து விற்பவருக்குச் சில முறைகள் கிடைக்கின்றன. முதலாவது, தாம் செலவிட்ட தொகையை விலையின் அடிப்படையாகக் கொள்ளாதிருத்தல். அது அவருக்கு மட்டும் உண்மையான எண். தம் கைக்குப் பொருந்திய ஒன்றை இத்தனை ஆண்டுகள் ஆண்டதிலேயே அதன் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. இரண்டாவது, மாற்றம் ஏதும் செய்யப்படாத அதே வகைத் துப்பாக்கி என்ன விலைக்குப் போகிறது என்று காணல். அதுவே தரை. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: பிறர் கேட்கும் விலையைப் பார்க்கக் கூடாது, விற்று முடிந்த விலையையே பார்க்க வேண்டும். ஏலவிலையிலும் வாங்குபவர் ஏலநிறுவனத்துக்குத் தரும் கட்டணம் சேர்ந்திருக்கும். விற்றவர் கைக்கு வந்தது அதனினும் குறைவு.

மூன்றாவது, செய்தவர் யார் என்பது. பெயர் பெற்ற கைவினைஞரின் ஒப்பமும், அவர் எழுதிக் கொடுத்த வேலைப் பட்டியலும் இருந்தால் தரைக்கு மேலே ஒரு பகுதியைக் கேட்கலாம். 'நல்ல கைவேலை' என்னும் வாய்ச்சொல்லுக்கு அந்த வலிமை இல்லை. நான்காவது, கழற்றிய பழைய உறுப்புகளைக் காத்து வைத்திருத்தல். பழைய நிலைக்குத் திரும்பும் வழி இருக்கிறது என்றாலே தொண்டைமான் கட்சியினரும் பேச வருவார்கள். ஐந்தாவது, கதையைச் சான்றின் அளவோடு நிறுத்துதல். தாத்தாவின் துப்பாக்கி என்பதற்கு ஏடு இருந்தால் ஏட்டைக் காட்டலாம். இல்லாவிட்டால் 'எங்கள் வீட்டில் அப்படிச் சொல்வார்கள்' என்று மட்டும் சொல்லலாம். அதற்குப் பணம் கேட்கலாகாது.

கடைசியாகச் சொன்னது அறநெறி மட்டுமன்று, வணிக நெறியும் ஆகும். ஒரு பொய் வாக்கியம் சேர்ந்த பொருளில், மெய்யான பகுதியும் நம்பிக்கை இழக்கிறது. இடைச்செருகல் கண்டறியப்பட்ட சுவடியில் மற்ற வரிகளையும் நாம் ஐயத்தோடு படிப்பதில்லையா?

இந்த வரலாற்றில் மனத்தை உறுத்தும் ஒன்றும் இருக்கிறது. இவற்றுள் உச்சவிலை பெற்றது, இருபத்தோரு வயதுக்காரன் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஒருவனின் உயிரைக் குடித்த துப்பாக்கி. இரவு விளக்கில் விசையை இழைத்து இழைத்து இளக்கிய தொழிலாளிகளின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கவில்லை. மாஸ்டர்சனின் கடிதம் இருக்கிறது. அவர் கேட்டபடி அந்த முள்ளை உயர்த்திப் பொருத்தியவர் யார்? கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் என்று எழுதினாரே, அதில் அவர் கைக்கு எத்தனை காசு போனது? கொன்றவனின் பெயரையும் இறந்தவனின் பெயரையும் கேட்கிற சந்தை, செய்தவனின் பெயரை அரிதாகவே கேட்கிறது.

எனவே, சொல்லிச் செய்வித்த ஒரு பொருளை விற்க நேர்பவர் எவராயினும், அது துப்பாக்கியோ வீணையோ நகையோ எதுவாயினும், விலைக்குறிப்போடு ஒரு தாளைச் சேர்த்து வைப்பது நல்லது. இன்ன ஆண்டில், இன்ன ஊரில், இன்னார் செய்தார். இன்ன காரணத்துக்காக இப்படிச் செய்யச் சொன்னேன் என்று நான்கு வரி. கேட்ட விலை அதனால் இன்றே கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த கைக்குப் போகும்போது செய்தவரின் பெயரும் உடன் போகும். செய்கூலியைத் திருப்பித் தர நம்மால் இயலாவிட்டாலும், அதைச் செய்தவரின் பெயரையாவது தொலைக்காமல் ஒப்படைக்கலாம்.